படையில் பணி நீட்டிப்பான எக்ஸ்டென்ஷனுக்குக் கையெழுத்துப் போடவா, வேண்டாமா? எல்லையிலிருந்து வந்த கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவது?

வாசகி கேள்வி:

ஐயா, எங்களுக்கு உசிலம்பட்டி பக்கம் ஒரு கிராமம். என் வீட்டுக்காரர் காலாட்படையில் ஹவில்தார். ஜம்மு பக்கம் ஃபீல்டில் இருக்கிறார். அடுத்த வருடக் கடைசியில் 24 வருடம் முடிகிறது. சித்திரைத் திருவிழாவுக்கு லீவு சாங்ஷன் ஆகிவிட்டது, மே 8ஆம் தேதி ரயில் ஏறுகிறேன் என்று சொல்லியிருந்தார். 7ஆம் தேதி பாகிஸ்தானோடு சண்டை தொடங்கியது. லீவு ரத்து, போனும் இல்லை. 8ஆம் தேதி மகளுக்கு பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. மார்க்கை அப்பாவிடம் சொல்ல ஒரு வாரம் காத்திருந்தாள்.

அப்புறம் ஒரு கடிதம் வந்தது. இத்தனை வருடத்தில் அவர் இவ்வளவு நீளமாக எழுதியதில்லை. ‘எக்ஸ்டென்ஷனுக்கு வில்லிங்கா, அன்வில்லிங்கா என்று ஜூன் கடைசிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த நேரத்தில் வேண்டாம் என்று எழுதினால் கம்பெனியில் என்ன நினைப்பார்களோ. வேண்டும் என்று எழுதினால் உன் முகத்தில் எப்படி விழிப்பது. நீ என்ன சொல்கிறாயோ அதைச் செய்கிறேன்’ என்று எழுதியிருக்கிறார்.

என் அத்தைக்கு, அதாவது அவருடைய அம்மாவுக்கு, இதயத்தில் அடைப்பு. மதுரை பெரியாஸ்பத்திரியில் ஜூலையில் பைபாஸ் செய்யத் தேதி கொடுத்திருக்கிறார்கள். இதை நான் இன்னும் அவருக்குச் சொல்லவில்லை. இது போதாதென்று கிணற்றுப் பங்கு விஷயமாகப் பங்காளி ஒருவர் கோர்ட்டில் கேஸ் போட்டு சம்மன் வந்திருக்கிறது. நாத்தனார், ‘அம்மா சீரியஸ் என்று இப்போதே டாக்டர் சர்ட்டிபிகேட் வாங்கி அனுப்பு, வந்ததும் திரும்ப அனுப்பாதே’ என்கிறார். ஊரில் சிலர், பென்ஷனில் வந்தவர்களையும் கூப்பிடுகிறார்கள், அதனால் வந்தும் பிரயோஜனமில்லை என்கிறார்கள். அவருக்கு நான் என்ன பதில் எழுதட்டும்?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

காலாட்படை பட்டாலியன் ஒன்றின் ஆபீஸில் கிளார்க்காகச் சேர்ந்து சுபேதாராக வெளியே வந்தவன் நான். இப்போது மதுரையில் படைவீரர் குடும்பங்களுக்கு இந்த மாதிரி காரியங்களில் ஆலோசனை சொல்கிறேன். லீவு பேப்பரும் எக்ஸ்டென்ஷன் பேப்பரும் பல வருடம் என் மேஜை வழியாகத்தான் போயின. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: லீவு வேறு, எக்ஸ்டென்ஷன் வேறு. ஒரே கடிதத்தில் வந்ததால் இரண்டும் பின்னிக்கொண்டு தெரிகிறது. லீவு ரத்து அவர் ஒருவருக்கு நடந்ததில்லை. பட்டாலியன் முழுவதற்கும் நடந்தது, சண்டை அடங்க அடங்க அதுவாகத் திறக்கும். எக்ஸ்டென்ஷன் உங்கள் குடும்பத்தின் அடுத்த இரண்டு வருடம். லீவு கிடைக்காத ஆற்றாமையில் அதற்குப் பதில் எழுதிவிடக் கூடாது.

சரி, எக்ஸ்டென்ஷன் என்றால் என்ன என்பதை உங்களுக்கே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அவரும் கடிதத்தில் விளக்கவில்லை, நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள். தரைப்படையில் ஒவ்வொரு ரேங்குக்கும் ஒரு கெடு உண்டு. சிப்பாய்க்கு 17 வருடம், நாயக்குக்கு 22, ஹவில்தாருக்கு 24. அதற்கு மேல் இரண்டு வருடம் நீட்டிக்கலாம். 1998 முதல் இந்த நடைமுறை இருக்கிறது. கெடு முடிய வெகு முன்பே ஸ்கிரீனிங் போர்டு உட்காரும். மெடிக்கல் கேட்டகரி, ஒழுக்கப் பதிவு, ரகசிய அறிக்கைகள் எல்லாம் பார்ப்பார்கள். அதற்கும் முன்னால் ஆளுடைய சம்மதம் எழுத்தில் வேண்டும். உங்கள் வீட்டுக்காரரிடம் கேட்டிருப்பது அதைத்தான்.

வேண்டாம் என்று எழுதினால் அவருக்கு என்ன நஷ்டம்? தண்டனை எதுவும் இல்லை. 24 வருடம் முடிந்த மாதத்தில் முழுப் பென்ஷன், கிராஜுவிட்டி, குரூப் இன்ஷூரன்ஸ் பணம் எல்லாவற்றோடும் கௌரவமாக வெளியே வருவார். பாதியில் விலகுவதாக இது எழுதப்படாது. ஒப்பந்தக் காலம் முடிந்து வருவதாகத்தான் எழுதப்படும். ‘கம்பெனியில் என்ன நினைப்பார்களோ’ என்று எழுதியிருக்கிறாரே, அந்த வரிதான் எனக்கு வருத்தமாக இருந்தது. 22 வருடத்துக்கு மேல் பனியிலும் வெயிலிலும் நின்றவர், எல்லையில் சண்டை நடந்த மே மாதத்திலும் தன் இடத்தில் இருந்தவர், கெடு முடிந்து வீட்டுக்கு வருவதை ஒரு சுபேதாரும் ஒரு சி.ஓ. (கமாண்டிங் ஆபீசர்) சாபும் தப்பாக நினைக்க மாட்டார்கள். அவர் கையெழுத்துப் போடுவது அடுத்த வருடக் கடைசியைப் பற்றி. இன்றைக்கு நிற்கும் போஸ்டை விட்டு நாளைக்குக் கிளம்புவதைப் பற்றி இல்லை. இதை நீங்கள் அவருக்கு எழுதுங்கள். வெளியிலிருந்து நான் சொல்வதைவிட உங்கள் கையெழுத்தில் படிக்கும்போது அது அவருக்கு ஏறும்.

ஒன்றை மட்டும் கவனமாக அவரிடம் சொல்லுங்கள். எழுதிக் கொடுத்த பிறகு மாற்றுவது கஷ்டம். அன்வில்லிங் என்று எழுதிவிட்டு ஆறு மாதம் கழித்து மனம் மாறி, கோர்ட் வரைக்கும் போய் அலைந்தவர்கள் உண்டு. எதிர்ப்பக்கமும் அப்படித்தான். எக்ஸ்டென்ஷன் வாங்கிக்கொண்டு நடுவில் வர வேண்டுமென்றால் சொந்த வேண்டுகோளில் டிஸ்சார்ஜ் கேட்க வேண்டும். காரணம் எழுத வேண்டும், அனுமதி வர வேண்டும். கெடு முடிந்து வருவதற்குச் சமமாக அதை வைக்க மாட்டார்கள். அதனால்தான் தூக்கமில்லாத ஒரு ராத்திரியில் பங்கரில் உட்கார்ந்து எடுக்கும் முடிவாக இது இருக்கக் கூடாது என்கிறேன். ஜூன் கடைசி வரை நாள் இருக்கிறது.

ஊரில் பேசிக்கொள்ளும் விஷயத்துக்கு வருகிறேன். 2025 மே 6ஆம் தேதி மத்திய அரசு ஒரு அறிவிப்பு வெளியிட்டது. பகுதி நேரத் தொண்டர் படையான டெரிட்டோரியல் ஆர்மியில் இருப்பவர்களைத் தேவைக்கேற்பப் பணிக்கு அழைக்கத் தரைப்படைத் தளபதிக்கு அதிகாரம் தரும் அறிவிப்பு அது. அதன் 32 காலாட்படை பட்டாலியன்களில் 14ஐக் களத்தில் இறக்கலாம் என்று அதில் இருந்தது. அது டெரிட்டோரியல் ஆர்மிக்காரர்களுக்கு மட்டும். கோயம்புத்தூரில் இருக்கும் 110ஆவது பட்டாலியன் மாதிரி. பென்ஷனில் வீட்டில் இருக்கிறவர்களை அழைக்கிற அறிவிப்பு அது இல்லை. வாட்ஸப்பில் அது கைமாறிக் கைமாறி ‘எல்லா எக்ஸ்சர்வீஸ்மேனையும் கூப்பிடுகிறார்கள்’ என்று ஆகிவிட்டது.

இதில் இன்னொரு உண்மையும் இருக்கிறது, மறைக்கக் கூடாது. 1954ஆம் வருட ராணுவ விதிகளில் 11ஆவது விதி, கெடு முடிந்தவரைத் தாமதமில்லாமல் டிஸ்சார்ஜ் செய்ய வேண்டும் என்கிறது. அதே விதி, மத்திய அரசு அறிவிப்பு வெளியிட்டு டிஸ்சார்ஜைப் படை முழுவதற்குமோ ஒரு பகுதிக்கோ நிறுத்தி வைக்கலாம் என்றும் சொல்கிறது. அப்படி ஒன்று வந்தால், வில்லிங் எழுதியவரும் அன்வில்லிங் எழுதியவரும் ஒன்றாகத்தான் நிற்பார்கள். ஆகவே போர் வந்துவிடுமோ என்ற பயம் இந்த முடிவில் எந்தப் பக்கத்துக்கும் எடை சேர்க்காது. அதைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

பணக் கணக்குக்கு வருவோம். பலரும் ‘ரெண்டு வருஷம் இருந்தா பென்ஷன் எகிறும்’ என்று நம்புகிறார்கள். போட்டுப் பார்ப்போம். அவருடைய அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதோடு மிலிட்டரி சர்வீஸ் பே 5,200. கூட்டி, பாதி எடுத்தால் பென்ஷன் 22,600. இரண்டு வருடம் கூட இருந்தால் இரண்டு இன்கிரிமென்ட், வருடத்துக்கு 3 சதவீதம். அடிப்படை ஏறக்குறைய 42,400 ஆகும். பென்ஷன் 23,800. வித்தியாசம் 1,200 ரூபாய். 2025 ஜனவரி முதல் நடப்பில் இருந்த 55 சதவீத அகவிலைப்படியையும் சேர்த்தால் 1,860. அவ்வளவுதான். உண்மையான லாபம் எங்கே என்றால், அந்த இரண்டு வருடமும் பாதிக்குப் பதில் முழுச் சம்பளம் வரும் என்பதில்தான். ஆனால் அதே இரண்டு வருடம் வெளியே வந்து ஒரு வேலை பார்த்தால் பென்ஷனும் சேர்ந்து இரண்டு வருமானம் வரும். ஆக, பணம் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமன்.

ஒரு விஷயத்தை மட்டும் ஹெட் கிளார்க்கிடம் கேட்டுவிடச் சொல்லுங்கள். 8, 16, 24 வருடங்களில் எம்.ஏ.சி.பி. என்று சம்பள நிலை உயரும். மூன்றாவது உயர்வு அவருக்கு 24 வருடம் முடியும்போது விழுகிறது. டிஸ்சார்ஜ் தேதிக்கு முன்னால் அது அவர் கணக்கில் ஏறுமா, எந்தத் தேதியிலிருந்து ஏறும் என்பதை பார்ட் டூ ஆர்டரை (பணி விவரங்களைப் பதியும் யூனிட் உத்தரவை) வைத்துப் பார்த்துச் சொல்லச் சொல்லட்டும். பென்ஷன் கணக்கில் இதுவும் கவனிக்க வேண்டிய விஷயம்.

வெளியே வந்த பிறகு வேலை கிடைக்குமா, வயது ஆகிவிடுமா என்ற கவலை இருந்தால், மத்திய அரசின் குரூப் ‘சி’ வேலைகளில் முன்னாள் படைவீரருக்கு 10 சதவீத ஒதுக்கீடு உண்டு. வயதைக் கணக்கிடும்போது படையில் இருந்த காலத்தை முழுக்கக் கழித்து, மேலும் மூன்று வருடம் சலுகை தருகிறார்கள். இரண்டு வருடம் கூட இருந்தாலும் அந்த வாசல் மூடாது. சீருடையை விட மனசில்லை என்றால் பென்ஷனுக்குப் பிறகு, ராணுவ நிலையங்களைக் காவல் காக்கும் டிஃபென்ஸ் செக்யூரிட்டி கோரில் மறுபடி சேரலாம். அதன் சென்டர் கண்ணூரில் இருக்கிறது. அங்கே இரண்டாவது பென்ஷனுக்கு 15 வருடம் தேவை என்பதை மட்டும் தெரிந்துகொண்டு போகட்டும்.

எக்ஸ்டென்ஷன் வாங்கினால் கடைசி இரண்டு வருடமும் ஃபீல்டிலேயே இருக்க வேண்டுமா என்றும் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். என்.சி.சி. பட்டாலியன் மாதிரி ஈ.ஆர்.ஈ. (சொந்த யூனிட்டுக்கு வெளியே வேலை) போஸ்டிங்குக்குப் பெயர் கொடுக்க வாய்ப்பிருக்கிறதா என்று கம்பெனி கமாண்டரிடம் பேசலாம். மதுரையிலேயே என்.சி.சி. குரூப் இருக்கிறது. கிடைத்தே தீரும் என்று நம்பிக் கையெழுத்துப் போட வேண்டாம். போட்டி அதிகம்.

இனி லீவு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், உங்கள் வீட்டில் அவசரம் இங்கேதான்.

அவருக்கு வருடத்துக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு, 30 நாள் கேஷுவல் லீவு. போர்ச் சூழலில் இதை யாரும் உரிமையாகக் கேட்க முடியாது. ரத்து செய்வார்கள், வந்தவரையும் திரும்ப அழைப்பார்கள். 2001 டிசம்பரில் பாராளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு படைகள் எல்லைக்கு நகர்ந்த ஆபரேஷன் பராக்ரம், 2002 அக்டோபர் வரை நீண்டது. அப்போது ஆபீஸில் லீவு அப்ளிகேஷன்கள் அட்டைப் பெட்டியில் அடுக்கி வைத்துக் கிடந்தன. கல்யாணம், வளைகாப்பு, வீட்டுக்கு நிலை வைப்பு, எல்லாம் அதில் இருந்தது. ஆனால் அந்தக் காலத்திலும் சிலருடைய பேப்பர் பெட்டிக்குப் போகாமல் நேராக சி.ஓ. சாப் மேஜைக்குப் போகும். ஆஸ்பத்திரித் தேதியோடு, டாக்டர் கையெழுத்தோடு, யாருக்கு என்ன, வீட்டில் வேறு ஆண் துணை உண்டா என்ற விவரத்தோடு வந்த பேப்பர்கள் அவை. லீவு கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும்போது முதலில் போகிறவர்கள் அவர்கள்தான்.

உங்கள் அத்தையின் பைபாஸ் அந்த வகை. அப்படியிருக்க அவருக்கு அதைச் சொல்லாமல் வைத்திருக்கிறீர்கள். எதற்கு என்று புரிகிறது. சண்டை நடக்கும் இடத்தில் இருப்பவர் மனசு கலங்கக் கூடாது என்று நினைக்கிறீர்கள். ஆனால் அவர் தெரிந்துகொண்டு விண்ணப்பம் கொடுத்தால்தான் அந்த வரிசையில் அவர் பெயர் ஏறும். ஆபரேஷனுக்கு முதல் நாள் சொன்னால் ஜம்மு டிரான்சிட் கேம்ப்பிலிருந்து டெல்லி வந்து சம்பர்க் கிராந்தி பிடித்து மதுரையில் இறங்குவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். இன்னொன்றும் இருக்கிறது. ஃபீல்டில் இருக்கும் ஆளுக்கு வீட்டிலிருந்து எதுவும் மறைக்கவில்லை என்ற நம்பிக்கை ஒரு பலம். போனில் குரல் ஒரு மாதிரி இருக்கிறதே என்று யோசித்துக்கொண்டே டியூட்டி நிற்பதைவிட, அம்மாவுக்கு இந்தத் தேதியில் ஆபரேஷன், இந்த டாக்டர் செய்கிறார் என்று தெரிந்து நிற்பது எவ்வளவோ மேல்.

பெரியாஸ்பத்திரியில் இதயப் பிரிவு டாக்டரிடம், நோயின் பெயர், செய்யப்போகும் ஆபரேஷன், அட்மிஷன் தேதி மூன்றையும் எழுதி முத்திரையோடு ஒரு சான்று கேட்டு வாங்குங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் நல்லது. அதன் ஒரு நகலை அவருக்கும், இன்னொன்றை ஒரு சின்ன மனுவோடு நேராக அவருடைய கமாண்டிங் ஆபீசருக்கும் அனுப்புங்கள். மனைவி எழுதும் மனுவை யூனிட்டில் தட்டிக்கழிக்க மாட்டார்கள். மதுரையில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. பெயரில் முன்னாள் என்று இருந்தாலும் பணியில் இருப்பவர் குடும்பத்துக்கும் உதவுவது அவர்கள் வேலைதான். அங்கேயும் ஒரு நகல் கொடுங்கள். உண்மை நிலவரம் என்ன என்று யூனிட் விசாரித்தால் பதில் போவது பெரும்பாலும் அவர்கள் மூலமோ போலீஸ் ஸ்டேஷன் மூலமோதான்.

அவர் வர முடியாமல் போனால் ஆபரேஷன் நின்றுவிடாது. அத்தை சுயநினைவோடு இருக்கிறார், சம்மதக் கையெழுத்து அவரே போடலாம். கூட இருக்கும் உறவினராக நீங்கள் போடலாம். மகன் வந்தால்தான் ஆகும் என்று யாராவது சொன்னால் நம்பித் தேதியைத் தள்ளிவிடாதீர்கள்.

நாத்தனார் சொன்ன யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம். அண்ணன் மேல் உள்ள பாசத்தில் சொல்லியிருக்கிறார், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆனால் ‘மதர் சீரியஸ்’ என்று பொய்த் தந்தி வந்த காலத்திலேயே அதைச் சரிபார்க்காமல் யாரையும் அனுப்பியதில்லை. தந்தி 2013 ஜூலையோடு நின்றுவிட்டது, விசாரிக்கும் பழக்கம் நிற்கவில்லை. அடுத்த மாதம் உண்மையான ஆபரேஷன் இருக்கும்போது இந்த மாதம் ஒரு பொய் சர்ட்டிபிகேட் போனால், உண்மையான பேப்பர் வரும்போது அதையும் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். அதோடு, அந்த வரிசையில் அவருக்கு முன்னால் பிரசவத்துக்கு மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுக் காத்திருக்கும் ஒரு பையன் இருக்கலாம். அவனுடைய இடத்தை நாம் எடுக்கக் கூடாது.

‘வந்தால் திரும்ப அனுப்பாதே’ என்பது அதைவிட ஆபத்து. ராணுவச் சட்டம் 39ஆவது பிரிவில், லீவு முடிந்து திரும்பாமல் இருப்பதற்கு மூன்று வருடம் வரை சிறை உண்டு. லீவில் இருக்கும்போது தன் யூனிட்டுக்குப் போர்ப்பணி உத்தரவு வந்தது தெரிந்தும் தாமதித்தால் அதற்கென்று அதே பிரிவில் தனியாக ஒரு உட்பிரிவே வைத்திருக்கிறார்கள். 30 நாள் தாண்டினால் கோர்ட் ஆஃப் என்கொயரி என்ற ராணுவ விசாரணைக் குழு உட்காரும். போர்ப்பணியின்போது ஓடிப்போனவர் என்று முத்திரை குத்தப்பட்டால் 38ஆவது பிரிவு, அதன் உச்ச தண்டனையை இங்கே எழுதக்கூட எனக்கு மனமில்லை. 22 வருட சர்வீஸ், பென்ஷன், நல்ல பெயர் எல்லாவற்றையும் ஒரு மாதத்துக்காகப் பணயம் வைக்கிற காரியம் இது. எக்ஸ்டென்ஷன் வேண்டாம் என்று எழுதக் கூச்சப்படுகிறவர் மனசில் இந்த யோசனையை யாரும் விதைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வருடம் எடுக்க முடியாமல் போன லீவு முழுக்க வீணாகாது. ஆண்டு விடுப்பில் வருடத்துக்கு 30 நாள் வரை சேர்த்து வைத்து, டிஸ்சார்ஜ் ஆகும்போது மொத்தம் 300 நாள் வரை பணமாக வாங்கலாம்.

கிணற்று கேஸைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், சட்டம் இங்கே உங்கள் பக்கம் நன்றாகவே நிற்கிறது. சம்மனை வாங்காமல் திருப்பி அனுப்பாதீர்கள். வாங்கி, ஒரு வக்கீலைப் பார்த்து, பிரதிவாதி பணியில் இருக்கும் படைவீரர் என்பதை முதல் வாய்தாவிலேயே கோர்ட்டுக்குத் தெரிவியுங்கள். லீவு கிடைக்காத படைவீரர் தன் சார்பில் வழக்காட யாருக்கு வேண்டுமானாலும் எழுத்தில் அதிகாரம் தரலாம் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டம் 28ஆவது கட்டளையில் இருக்கிறது. தன் கமாண்டிங் ஆபீசர் முன்னால் அவர் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். உங்கள் பெயருக்கே கொடுக்கலாம். அவர் சார்பில் யாரும் ஆஜராக முடியாத நிலை என்றால் 1925ஆம் வருடப் படைவீரர் வழக்குச் சட்டம் இருக்கிறது. போர்ச் சூழலில் பணிபுரிகிறார், நீதிக்காகத் தள்ளிவைப்பது அவசியம் என்று ராணுவத் தரப்பிலிருந்து சான்று வந்தால் கோர்ட் வழக்கைத் தள்ளிவைத்தாக வேண்டும். பின்னால் அவர் கேஸுக்காகவே லீவில் வந்தால், ராணுவச் சட்டம் 32ஆவது பிரிவின்படி அந்த லீவு நாட்களுக்குள் முடிந்தவரை விசாரித்து முடிக்கச் சொல்லி கோர்ட்டைக் கேட்கலாம். இதற்கு நடுவில் பங்காளி மோட்டாரில் கை வைத்தால் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் முன்னாள் படைவீரர் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். பணியில் இருப்பவர் குடும்பத்தின் மனுவையும் வாங்குவார்கள். வரப்பில் நின்று சண்டை மட்டும் வேண்டாம், கிரிமினல் கேஸானால் கதை வேறு பக்கம் போய்விடும்.

இப்போது நீங்கள் கேட்ட கேள்வி. என்ன பதில் எழுதுவது?

உங்கள் கடிதத்தில் அத்தை என்ன ஆவார், மகள் மார்க்கைச் சொல்ல எப்படிக் காத்திருந்தாள், நாத்தனார் என்ன சொன்னார், ஊர் என்ன பேசுகிறது என்று எல்லாம் இருக்கிறது. நீங்கள் என்ன விரும்புகிறீர்கள் என்று ஒரு வரிகூட இல்லை. அவர் கடிதத்திலும் பாருங்கள், கம்பெனி என்ன நினைக்கும், நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று இருக்கிறது. அவருக்கு என்ன வேண்டும் என்று இல்லை. இருவரும் அடுத்தவர் வாயிலிருந்து வரட்டும் என்று காத்திருக்கிறீர்கள். இப்படியே போனால் ஜூன் 29ஆம் தேதி ராத்திரி அவர் தனியாக ஏதோ ஒன்றை எழுதிக் கொடுப்பார். அது எதுவாக இருந்தாலும், ‘உனக்காகத்தான் போட்டேன்’ என்று அவரும், ‘நான் கேட்டேனா’ என்று நீங்களும் பின்னால் சொல்லிக்கொள்ள நேரும். இப்படி எத்தனையோ குடும்பங்களைப் பார்த்துவிட்டேன்.

அதனால் முதலில் உங்கள் ஆசையை எழுதுங்கள். நீங்கள் வந்துவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறேன், அல்லது இன்னும் இரண்டு வருடம் என்னால் சமாளிக்க முடியும், இதில் எது உண்மையோ அது. காரணத்தையும் எழுதுங்கள். பிறகு, ‘என் ஆசை இது, உங்கள் ஆசையை எனக்கு எழுதுங்கள், இரண்டையும் வைத்து முடிவு செய்வோம்’ என்று கேளுங்கள். ‘உங்கள் இஷ்டம்’ என்று மட்டும் எழுதாதீர்கள். தூரத்தில் இருப்பவருக்கு அது கோபமாகத்தான் கேட்கும்.

என் சொந்தக் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். அவருக்கே படையில் இன்னும் இருக்க மனசு இருந்தால், உடம்பு ஒத்துழைத்தால், தாராளமாக வில்லிங் எழுதட்டும். அதில் பெருமைப்படுங்கள். பணத்துக்காக எழுத வேண்டிய தேவை இல்லை, கணக்கை மேலே பார்த்தீர்கள். கம்பெனியில் பேச்சு வரும் என்பதற்காக மட்டும் எழுதுவதாக இருந்தால் எழுத வேண்டாம். நீங்கள் சொன்ன நிலைமையில், பைபாஸ் ஆன தாயும் காலேஜுக்குப் போகும் மகளும் கோர்ட்டில் நிற்கும் கேஸும் உள்ள வீட்டுக்கு அடுத்த வருடக் கடைசியில் அவர் வந்து சேர்வது நல்லது என்றே எனக்குப் படுகிறது. பென்ஷனில் வந்ததும், முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். அட்டையில் அம்மாவையும் சேர்க்கலாம். சார்ந்திருப்பவர் என்ற நிபந்தனைக்குள், அதாவது அகவிலைப்படி நீங்கலாக மாத வருமானம் 9,000 ரூபாய்க்குள் இருந்தால் போதும். ஆபரேஷனுக்குப் பிந்திய மருந்து, செக்கப்புக்கு மதுரை பாலிகிளினிக்கிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

கடிதத்தை இந்த வாரமே போடுங்கள், ஸ்பீடு போஸ்ட்டில் போடலாம். உறையில் அவருடைய நம்பர், ரேங்க், பெயர், யூனிட், கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ. (ராணுவத் தபால் நிலையம்) மட்டும் போதும். இருக்கும் இடத்தின் பெயரை உறையிலோ, வாட்ஸப் ஸ்டேட்டஸிலோ போடாதீர்கள், பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள். டாக்டர் சான்றின் நகல், சம்மனின் நகல் இரண்டையும் அதே உறைக்குள் வைத்துவிடுங்கள். ஹெட் கிளார்க்கிடம் எம்.ஏ.சி.பி. தேதி கேட்பது, சி.ஓ. முன்னால் வழக்கு அதிகாரப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது, லீவு அப்ளிகேஷன், மூன்றையும் கடிதத்தின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். அத்தைக்கு அட்மிஷன் தேதி மாறினால் அன்றைக்கே நல அலுவலகத்திலும் தெரிவித்துவிடுங்கள்.